லங்காவிக்கு நாற்பத்தைந்து நிமிடம்

பினாங்கிலிருந்து லங்காவிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? விமான நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று ஊருக்குத் தெரிந்த நாள்முதல் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் முடிவெட்டும் கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. தூரத்தைச் சொல்வது சுலபம். நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். யார் அளந்தாலும் மாறாது. நேரம் அப்படியல்ல. கால அட்டவணையைக் கேட்டால் நாற்பது நிமிடம் என்கிறது. அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கிய பிறகு ஊர்ந்து வருவதும் சேர்த்தி. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை மட்டும் எண்ணினால் இருபத்திரண்டு நிமிடம். பயணியைக் கேட்டால் பாயான் பாருவில் வீட்டைப் பூட்டியதிலிருந்து தொடங்கி மூன்று மணி நேரம் என்பார். மூன்றுமே சரியான விடைகள்.

ஒரு காலையில் அந்த இருபத்திரண்டு நிமிடம் நாற்பத்தைந்தாக ஆனது. காற்று ஆக்கவில்லை, மேகம் ஆக்கவில்லை. நான் ஆக்கினேன். பயணத் திட்ட மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் படித்தேன். முப்பது வருடத்துக்கும் மேலாக. எந்த விதி எந்தப் பக்கம் என்று புரட்டாமலே சொல்வேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு.

நம் மேசையின் வேலை உங்களுக்குத் தெரியும். எந்தப் பாதை, எவ்வளவு எரிபொருள், எத்தனை கிலோ. நாமும் விமானியும் கையெழுத்திட்டால்தான் சக்கரம் உருளும். நான் பல வருடமாகச் சிங்கப்பூர், கிழக்குக் கரை என்று கொஞ்சம் நீளமான பயணங்களையே பார்த்து வந்தவன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆள் போதாமல் என்னை லங்காவிக் காலை விமானத்துக்கு மாற்றினார்கள். எழுபது பேர் உட்காரும், சுழலி வைத்த சின்ன விமானம். இருபத்திரண்டு நிமிடம். இதற்கு நான் எதற்கு என்றுகூட மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நான் சொன்ன காலைக்கு முதல் நாள் கடலில் பலத்த காற்று. கோல கெடாவிலிருந்து லங்காவிக்குப் போகும் ஃபெரிகளை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையும் வானிலை மோசமாகவே இருக்கும் என்று அறிக்கை வந்தது. வானத்தில் காத்திருக்க நேரலாம், வேறு ஊருக்குத் திரும்ப நேரலாம் என்று கணக்குப் போட்டு, வழக்கத்தைவிட ஆயிரம் கிலோ எரிபொருள் கூடுதலாக நிரப்பச் சொன்னேன். எரிபொருள் அதிகமாக இருந்ததற்காக விசாரணைக்குப் போனவன் யாரும் இல்லை என்பது எங்கள் மேசையின் அசைக்க முடியாத நம்பிக்கை. மேலே எழும்பும் எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கையெழுத்திட்டேன். தேநீர் குடித்தேன்.

விடிந்தபோது வானம் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொலைபேசி. எடைப் பட்டியல் தயாரிக்கும் கவிதா.

"சார், எழும்புற எடை ஓகே. எறங்குற எடைய பாத்தீங்களா?"

"ஏன்?"

"முந்நூறு கிலோ ஓவர். இது லங்காவி சார். சிங்கப்பூர் இல்ல."

புதியவர்களுக்காக ஒரு வரி. விமானம் தூக்கக்கூடிய எடை ஒன்று. பத்திரமாக இறங்கக்கூடிய எடை அதைவிடக் குறைவு. நீண்ட பயணத்தில் இது யாரையும் தொந்தரவு செய்யாது. போகிற வழியிலேயே எரிபொருள் எரிந்து, இறங்கும்போது எடை தானாகக் குறைந்திருக்கும். இருபத்திரண்டு நிமிடத்தில் என்ன எரியும்? ஊர் பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே எங்கள் விமானம் அங்கே இறங்க முடியாத கனத்தில் நின்றது. மேசையில் முதல் வாரம் உட்காரும் பயிற்சியாளருக்குச் சொல்லித்தரும் பாடம் அது. நானே பல பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

ஏற்றிய எரிபொருளைத் திரும்ப எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். அதற்கு வேறு வண்டி வர வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், நான்கு பேர் கையெழுத்திட வேண்டும். ஒன்றரை மணி நேரம். அதற்குள் அந்த விமானம் லங்காவிக்குப் போய்த் திரும்பி, அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

கையேடு தெளிவாக இருந்தது. எடை மிஞ்சினால் கூடுதலாக வந்த சாமானை முதலில் இறக்கு. போதாவிட்டால் கடைசியாகப் பதிவு செய்த பயணிகளை இறக்கு. அன்றைக்கு இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் விரலை வைத்தன. தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ஏழு பெண்கள். முதல் நாள் ஃபெரி நின்றுபோனதால் மாலையில்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கூடவே முந்நூற்றெண்பது கிலோ சாமான்.

"நீங்களே கீழ போய் சொல்லிடுங்க கவிதா" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன் சார். நான் எண்ணெ ஊத்தல."

கவிதா என்னிடம் பத்து வருடம் வேலை கற்றவர். கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை.

கீழே போனேன். பயணிகள் பதிவு முகப்புக்கு எதிரே ஏழு பேரும் ஒரே ஊதா நிற டி-சட்டையில் நின்றார்கள். பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நைலான் கயிறு கட்டிய அண்டாக்கள், ஈரச் சாக்கில் சுற்றிய வாழையிலைக் கட்டுகள், மசாலாப் பெட்டிகள். முன்னால் நின்றவர் ரோசலின். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு பட்டியல். ஒவ்வொரு பெட்டிக்கும் நேராக டிக் போட்டிருந்தார்.

"அக்கா, ஒரு சின்ன பிரச்சன" என்றேன்.

"சின்ன பிரச்சனைக்கு இவ்ளோ பெரிய ஆபீசர் எறங்கி வர மாட்டாரே. சொல்லுங்கண்ணே."

எடை அதிகமாகிவிட்டது என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்தே சொன்னேன் லா, யாரும் பசியாறாம வாங்கன்னு. கேட்டீங்களா?" ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரித்தேன். ஏழு பேரும் பாயான் லெப்பாஸில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில், ஒரே உற்பத்தி வரிசையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள். தொழிற்சாலை அந்த வரிசையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. வரிசை போனது, வரிசையில் இருந்தவர்கள் பிரியவில்லை. பிறந்தநாள், வீட்டுப் பூசை என்று சின்னச் சமையலாக எடுத்துச் செய்து வந்தார்கள். லங்காவியில் ஒரு கடற்கரை விடுதியில் கல்யாணம். இருநூற்றைம்பது பேருக்கு வாழையிலைச் சாப்பாடு. இவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பந்தி பன்னிரண்டரைக்கு.

"மாப்பிள்ள வீட்டுல, ஃபேக்டரி பொம்பளைங்க என்னத்த சமைப்பாங்கன்னு கேட்டாங்களாம்" என்றார் ரோசலின். "பொண்ணு ஒத்தக் கால்ல நின்னு எங்களுக்கு வாங்கிக் குடுத்துச்சு. இன்னைக்கு எல காலியா கெடந்தா எங்க பேரு போறது இருக்கட்டும். அந்தப் புள்ள மொத நாளே அந்த வீட்டுல தல குனியணும்."

"சாமான் மட்டும் ரெண்டு மணி ஃப்ளைட்ல வந்துரும்."

"பன்னெண்டரைக்கு பந்தி. ரெண்டு மணிக்கு சட்டி. எலையில என்னண்ணே வைக்கிறது, போர்டிங் பாஸா?"

"விடுதியில பாத்திரம் இருக்குமே."

"கவுச்சி படாத சட்டியிலதான் சமைக்கணும்னு சொல்லியிருக்காங்க. கடலோரத்து விடுதியில எறா வேகாத சட்டி ஒன்னு காட்டுங்க, நான் இந்த அண்டா எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போறேன்."

"இல்லன்னா நாலு பேர் மட்டும் நின்னுக்கிட்டா..."

"எந்த நாலு பேரு? சோறு வடிக்கிறவளா, காய் நறுக்குறவளா? நாங்க ஒரு லைன் அண்ணே. நடுவுல ஒருத்தி எந்திரிச்சா சாமான் அங்கயே குவிஞ்சு நிக்கும்."

பிறகு அவர் பட்டியலைத் தாழ்த்தி என்னை நேராகப் பார்த்தார். "நேத்து டிக்கெட் எடுக்கும்போதே எங்க சாமான் எத்தன கிலோன்னு வூட்டுத் தராசுல போட்டுப் பாத்து சொன்னேன். சரின்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க. ராத்திரியில நாங்க யாரும் வெயிட் போடல. அப்புறம் எது கூடிப்போச்சு?"

அவர் சொன்னது உண்மை. அந்தக் கிலோ முழுவதும் என் தாளிலேயே இருந்தது.

"எண்ணெ கொஞ்சம் அதிகமா ஊத்தியாச்சு" என்றேன்.

"யாரு ஊத்துனது?"

"நான்தான்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குக் கீழே இறங்கி வந்ததிலிருந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. தம்பி, தங்கைகளே, விதிகளை நன்றாக அறிந்தவனுக்கு என்று ஒரு தனி ஆபத்து உண்டு. தன் தவறை அடுத்தவரின் சாமானாக மாற்றிக் கீழே இறக்கி வைக்கும் வசதி விதிக்குள்ளேயே இருக்கும். அந்த ஏழு பேரையும் நான் இறக்கியிருந்தால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. பக்க எண்ணோடு பதில் வைத்திருந்தேன்.

ரோசலின் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏதோ சமையலில் நடந்த பிழையைக் கேட்பதுபோலத் தலையாட்டினார்.

"அப்ப கொழம்புல தண்ணி கூடிப்போச்சு. அவ்ளோதானே. அதுக்கு யாராச்சும் கத்திரிக்காய எடுத்து வெளிய போடுவாங்களா? கூட கொஞ்ச நேரம் கொதிக்க விடுவாங்க."

கையேட்டில் அதுவும் இருந்தது. பாதையை நீட்டி, உயரத்தைக் குறைத்து, மிஞ்சிய எரிபொருளைப் பறந்தே எரித்துவிட்டு இறங்கலாம். திட்டத்தை மாற்றி எழுத வேண்டும், விமானி ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதிக்க வேண்டும். அவ்வளவுதான். என் முழுப் பணிக் காலத்திலும் ஒருமுறைகூடத் தேவைப்படாத பத்தி. மற்ற விதிகளெல்லாம் சத்தமாகப் பேசியதில் அது என் காதில் விழவில்லை.

"இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டா போய்ச் சேந்தா முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பித் தன் வரிசையைக் கேட்டார். "மொத அடுப்பு எப்ப பத்தணும்?"

"ஒம்பதேகாலுக்கு."

"ஒம்பது நாப்பது ஆனா?"

"பருப்ப நேத்தே ஊற வச்சாச்சு. பாயாசத்த மொதல்ல ஏத்திரலாம்."

"பொரியல் ரெண்டையும் ஒரே நேரத்துல போடுவோம். நான் ரெண்டு அடுப்பு பாத்துக்குறேன்."

"அப்பளம்?"

"பந்தி உக்காரும்போது பொரிச்சா போதும் லா."

ரோசலின் பட்டியலில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். "போலே, முடியும் அண்ணே. ஆனா அதுக்கு மேல அஞ்சு நிமிஷம்னாலும் முடியாது."

பல வருடமாக இயக்கப் பிரிவுக் கூட்டங்களில் உட்கார்ந்தவன் நான். இத்தனை வேகமாக ஒரு முடிவு எடுக்கப்பட்டதைப் பார்த்ததில்லை.

அவருடைய கைபேசி எண்ணை வாங்கி, என் எண்ணையும் கொடுத்துவிட்டு விமானத்துக்கு ஓடினேன். அன்றைய கேப்டன் கெடாவைச் சேர்ந்த மலாய்ப் பெண்மணி, என் மகள் வயது. எங்கள் பேச்சு மலாயும் ஆங்கிலமுமாக நடந்தது, தமிழில் தருகிறேன்.

"எழுபது பேரை ஏற்றிக்கொண்டு நான் ஊர் சுற்ற வேண்டும் என்கிறீர்கள், அங்கிள்."

"முந்நூறு கிலோ எரியும்வரை."

"ஏழு பேருக்காக மற்ற அறுபத்து மூன்று பேரையும் தாமதப்படுத்தலாமா?"

நியாயமான கேள்வி. வழியெல்லாம் நானும் அதைத்தான் எடை போட்டுக்கொண்டு வந்தேன். "அறுபத்து மூன்று பேருக்கு இருபத்து மூன்று நிமிடம் போகும். அந்த ஏழு பேருக்கு ஆறு மணி நேரம் போகும், அதோடு எல்லாமே போகும். லங்காவியில் இறங்குவதற்கும் திரும்பக் கிளம்புவதற்கும் இடையில் இருக்கும் ஓய்வு நேரத்தில் நம் தாமதம் அடங்கிவிடும். பார்த்துவிட்டேன்."

"தவறு யாருடையது?"

"என்னுடையது." இரண்டாவது முறை சொல்லும்போது அத்தனை கடினமாக இல்லை.

அவர் வரைபடத்தை விரித்தார். "எங்கே சுற்றலாம்?"

நேரே வடக்கே போவதற்குப் பதிலாகத் தெற்கே திரும்பி, பினாங்குத் தீவை மேற்குக் கரையோரமாக முழுவதும் சுற்றி, பெருநிலத்துக்குக் கடந்து, ஜெராய் மலையை ஒரு வளையம் வந்து, கெடாவின் நெல்வயல்களுக்கு மேலாக லங்காவி. ஆறாயிரம் அடி உயரம். காற்றில் நாற்பத்தைந்து நிமிடம். கணக்கைக் கவிதாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை சரிபார்த்தார். இறங்கும் எடையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத்தான் திருப்பித் தந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் பாதையைக் கேட்டுவிட்டுக் காரணம் என்ன என்றார். எடை என்றேன். "இன்று தெளிவான வானம். பயணிகளுக்கு நல்ல காலம்" என்று சொல்லி அனுமதித்தார்.

கேப்டன் பயணிகளிடம் மறைக்கவில்லை. கதவு மூடுவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் உண்மையைச் சொன்னார். எரிபொருள் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதை எரித்துவிட்டுத்தான் இறங்க முடியும், இன்றைய பயணத்தில் பினாங்கு முழுவதையும் பார்ப்பீர்கள், கூடுதல் கட்டணம் கிடையாது. இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். மற்றவர்கள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களோடு பேரம் பேச ஆரம்பித்தார்களாம்.

ஏழு ஐம்பதுக்கு எழும்பியது. எங்கள் அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்தேன். வடக்கே போக வேண்டிய விமானம் சாவகாசமாகத் தெற்கே திரும்பிக் காலை வெயிலில் மின்னியது. பக்கத்தில் கவிதா வந்து நின்றார்.

"ஒரு டிக்கெட்டுல ரெண்டு பயணம்" என்றார். "நாமளும் போயிருக்கலாம் சார்."

எட்டு முப்பத்தைந்துக்குச் செய்தி வந்தது. இறங்கியாயிற்று. எடை வரம்புக்கு நாற்பது கிலோ கீழே. அதோடு கேப்டன் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார். தாசேக் கெலுகோருக்கு மேலே போகும்போது ஏழு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து ஆளுக்கொரு கூரையைக் காட்டிச் சண்டை போட்டார்களாம். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்று பணிப்பெண்ணே கேட்டுவிட்டாராம்.

விமானத்தைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நம் வேலையில் சக்கரம் தரையைத் தொட்டதும் கோப்பை மூடிவிடுவோம். இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பது எந்தப் படிவத்திலும் கிடையாது. அன்றைக்கு நான் முதல்முறையாகக் கோப்பை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாற்பது ஆனது; இப்போது அடுப்புப் பற்றியிருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு, சோறு வடிந்திருக்குமா என்று கவிதாவிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு என் பணி நேரம் முடிந்தது. போகவில்லை. தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம்தான். ஆனால் இருநூற்றைம்பது பேருக்குச் சமைக்கிறவரை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு என் மன நிம்மதிக்காகப் பேசவைப்பது எந்த வகையில் சேர்த்தி?

பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கைபேசி அடித்தது. எடுத்ததும் பேச்சு கேட்கவில்லை. பாத்திரச் சத்தம், நாதஸ்வரம், யாரோ யாரையோ உப்பு எங்கே என்று அதட்டும் குரல்.

"அண்ணே, கேக்குதா?" ரோசலின்தான். மூச்சு வாங்கியது. "எல போட்டாச்சு. மொத பந்தி உக்காந்துருச்சு."

"எல்லாம் ஆச்சா?"

"எல்லாம் ஆச்சு. அப்பளம் மட்டும் சட்டியில இருக்கு. மாப்பிள்ளையோட அப்பா இப்பத்தான் வந்து எட்டிப் பாத்துட்டு, பாயாசம் இன்னொரு தடவ கெடைக்குமான்னு கேட்டுட்டுப் போறாரு. பொண்ணு அங்கேருந்து என்னைப் பாத்து கண்ணடிக்குது. வைக்கிறேண்ணே, எண்ணெ காயுது."

தொலைபேசியை வைத்தேன். கவிதா பக்கத்து மேசையிலிருந்து என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். இலை போட்டுவிட்டார்கள் என்றேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சம்பவ அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். நாளைக்கு எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. நான் அன்றே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பொதுவாக எல்லோரும் வானிலை என்று எழுதுவோம். வானிலை மறுத்துப் பேசாது. நான் என் பெயரையும் பணி எண்ணையும் எழுதி, அதன் கீழே "இறங்கும் எடையைப் பார்க்கவில்லை" என்று ஒரே வரி சேர்த்தேன். அந்த அறிக்கை உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

கையெழுத்திட்டு முடித்ததும் நல்ல பசி எடுத்தது.